மீனுக்கு வீடு கட்டினால் போதுமா? கரண்டுக்கும் தண்ணீருக்கும் யார் பொறுப்பு?

பல்கலைக்கழகங்களில் பெருகும் வரிக்குதிரை மீன் கூடங்கள்: ஆயக்குடியையும் கொடைக்கானலையும் வைத்து ஒரு கணக்கு

ஆயக்குடி:

சித்திரை மாத உச்சி வெயிலில் ஆயக்குடி கொய்யாத் தோப்பில் நிற்பவர் நிழலைத் தேடி ஓடுகிறார். அதே நாளில், வரதமாநதி அணையைத் தாண்டி, மலை ரோட்டில் பஸ் ஏறி, ஏழாயிரம் அடி உயரத்தில் கொடைக்கானலில் இறங்குபவர் ஸ்வெட்டரைத் தேடுகிறார்.

இந்த இரண்டு ஊரிலும் ஒரே மீனை வளர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சின்னஞ்சிறு மீன். நீளம் ஒன்றரை அங்குலம் இருந்தால் அதிகம். உடம்பில் நீலக்கோடு, வெள்ளிக்கோடு. தொட்டித் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். இரவு, பகல், மழை, வெயில் எதுவும் அதற்குத் தெரியக்கூடாது.

கொடைக்கானலில் மார்கழி ராத்திரி குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். அங்கே ஹீட்டர் வேண்டும். ஆயக்குடியில் கோடை வெயில் கொளுத்தும். இங்கே குளிர்சாதனம் வேண்டும். இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டரை ஓட்ட ஆள் வேண்டும்.

"ஒரு பொடிமீனுக்கு இவ்வளவு ராஜ உபசாரமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல்தான் பல இடங்களில் லட்சக்கணக்கில் தொட்டி வாங்கிவிட்டு, பிறகு விழிக்கிறார்கள்.

எலிக்குப் பதில் மீன்

இந்த மீனுக்கு வரிக்குதிரை மீன் என்று பெயர். வண்ணமீன் கடைகளில் "ஜீப்ரா" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். இன்று உலகம் முழுவதும் மருத்துவ ஆராய்ச்சிக்கூடங்களில் எலிக்கு அடுத்தபடியாகப் பெயர் பெற்றிருப்பது இதுதான்.

காரணம், இதன் முட்டை. தாய் வயிற்றுக்குள் கரு வளர்வதில்லை. முட்டை வெளியே, தண்ணீரில் கிடக்கிறது. அதுவும் கண்ணாடி போல! மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். ஒரே நாளில் தலை, வால், கண் உருவாகிவிடுகிறது. இதயம் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு, மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். மூன்று மாதத்தில் அது முட்டையிடத் தயார். நல்ல பெண் மீன் ஒரு தடவைக்கு இருநூறு முட்டை வரை போடும்.

2013-ல் இந்த மீனின் மரபணுத் தொகுப்பு முழுமையாக வெளியிடப்பட்டது. மனிதனின் மரபணுக்களில் நூற்றுக்கு 70-க்கு இந்த மீனிடம் ஜோடி மரபணு இருப்பது அதில் தெரிந்தது. நோயோடு தொடர்புடைய மனித மரபணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 82!

2002-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதன் இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இதயம் திரும்ப வளர்ந்துவிட்டது. மாரடைப்பு வந்த மனித இதயத்துக்கு அந்த வித்தை தெரியாது.

2005-ல் இந்த மீனின் வெளிறிய ரகம் ஒன்றை ஆராய்ந்தபோது, மனிதரின் தோல் நிறத்தைத் தீர்மானிக்கும் முக்கிய மரபணு ஒன்று பிடிபட்டது. பின்னர் ஐதராபாத் விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு அதே மரபணுவை இந்திய மக்களிடமும் ஆராய்ந்தது.

2023-ல் புனே ஆகர்கர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. முதுகெலும்பின் நடுவே இருக்கும் வட்டு தேய்ந்துபோன வயதான மீன்களில், ஒரு புரதம் அந்த வட்டைத் திரும்ப வளரத் தூண்டுகிறது என்று அங்கே கண்டறிந்தார்கள். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போனவர்களுக்கு, இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. மருந்தாக வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் வாசல் திறந்திருக்கிறது.

போனது நம் நாட்டு மீன்

இந்த மீன் அமெரிக்கச் சரக்கு என்று நினைத்தால் தவறு. இது நம் துணைக்கண்டத்து மீன். 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர், கங்கை நதி மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதை முதன்முதலாகப் பதிவு செய்தார். "டானியோ" என்ற அதன் பெயரே, வயல் மீன் என்று பொருள்படும் வங்காளிச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். வயலிலும் வாய்க்காலிலும் திரிந்த பொடிமீன்! இதற்குச் சொந்தக்கார மீன்கள் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் உண்டு.

இது அழகு மீனாகக் கப்பலேறி மேல்நாட்டுக் கடைகளுக்குப் போனது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற விஞ்ஞானி அதை ஆராய்ச்சிக்குப் பிடித்தார். 1981-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் பிள்ளையார் சுழி. இன்று உலகமெங்கும் பயன்படும் "ஏ.பி." என்ற ரகம், அந்த ஊர்ப் பக்கத்தில் இரண்டு கடைகளில் வாங்கிய மீன்களின் வம்சம். பிறகு ஜெர்மனியில், நோபல் பரிசு பெற்ற நுஸ்லைன்-வோல்ஹார்ட் அம்மையார் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் இதை வளர்த்து, 1996-ல் பெரிய அளவில் முடிவுகளை வெளியிட்டார்.

அங்கே புழங்கும் இன்னொரு ரகத்தின் பெயர் "விக்". விரித்தால், காட்டு மீன், இந்தியா, கொல்கத்தா. ஊர்ப் பெயரோடு போன மீன், இன்று ஆராய்ச்சி ரகமாக விலை போட்டுத் திரும்பி வருகிறது.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 2009-ல் டில்லி சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி நிலையம், அசாமில் பிடித்த காட்டு வரிக்குதிரை மீனின் மரபணுத் தொகுப்பைப் படித்து அறிவித்தது. 2013-ல் நம் ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தைச் சேர்ந்த எம்.அருணாசலமும் சகாக்களும், இந்தியாவில் இந்த மீன் எந்தெந்த நீர்நிலையில் எப்படி வாழ்கிறது என்று விரிவான கட்டுரை எழுதினார்கள். நெல்லைச் சீமையிலிருந்து போன அந்தக் கட்டுரையை உலகம் படிக்கிறது.

அடுத்த வருஷமே ஒரு சுவாரசியம் வெளிவந்தது. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் காட்டு மீனிடம் இருக்கிறது. பல தலைமுறை தொட்டியிலேயே வளர்ந்த "ஏ.பி." போன்ற ரகங்களில் அது தொலைந்துவிட்டது! தொட்டி வாழ்க்கை மீனையே மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். காட்டு மீன் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள நாட்டுக்கு இது ஒரு சொத்து.

28 டிகிரி எதற்கு?

காட்டில் இந்த மீன் கெட்டிக்காரன். ஏழு டிகிரிக் குளிரை ஒட்டியும், நாற்பது டிகிரிச் சூட்டை ஒட்டியும் தாக்குப்பிடிப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாமல் விட்டால் என்ன?

மீன் பிழைக்கலாம். ஆராய்ச்சி பிழைக்காது.

கரு வளரும் வேகம் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்தால் மெதுவாக வளரும். சூடானால் வேகமாக வளரும். 1995-ல் ஓரிகன் விஞ்ஞானிகள், எத்தனையாவது மணிக்கு எந்த உறுப்பு உருவாகும் என்று அட்டவணை போட்டார்கள். அது 28.5 டிகிரிக் கணக்கு. இன்று உலகமே அதைத்தான் பார்க்கிறது.

ஒரு மருந்தைக் கொடுத்து, "இந்த மருந்தால் இதயம் வளர்வது தாமதமாகிறது" என்று ஒருவர் எழுதுகிறார். உண்மையில் தாமதம் மருந்தால் அல்ல, முந்தின ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் போய் தண்ணீர் குளிர்ந்ததால் என்றால்? அந்த ஆராய்ச்சி குப்பை. அதை நம்பி அடுத்த படிக்குப் போகிறவர்களின் பணமும் காலமும் குப்பை. நஷ்டம் கடைசியில் நோயாளி தலையில்தான் விடியும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

நவீன மீன்கூடம் எப்படி இருக்கும்? நூலகத்து அலமாரி மாதிரி வரிசை வரிசையாக அடுக்கு. புத்தகம் இருக்கும் இடத்தில் சின்னச் சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய். நிரம்பிய தண்ணீர் பின்பக்கம் வழிந்து கீழ்த்தொட்டிக்குப் போகும். அங்கே அழுக்கு வடிகட்டப்படும். கரி வழியாகப் போகும். புற ஊதா விளக்கில் கிருமி சாகும். சூடு சரிசெய்யப்பட்டு மோட்டார் மூலம் மேலே ஏறும். தினமும் பத்தில் ஒரு பங்கு போலப் புதுத்தண்ணீர் சேரும்.

இத்தனைக்கும் நடுவே முக்கியமான வேலைக்காரர்கள் பாக்டீரியாக்கள்தான். மீன் கழிவில் அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதன் தீங்கு குறைவு. இந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறிப் பெருகச் சில வாரம் ஆகும்.

ஆகவே, திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய கையோடு தொட்டி நிறைய மீன் விட்டால், அடுத்த வாரம் மீன் செத்து மிதக்கும். இதைக் கேட்டால் மேடையில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் பாக்டீரியாவுக்கு விழாத் தேதி தெரியாதே!

மோட்டார் நின்றால் மீனுக்கு மட்டும் ஆபத்து அல்ல. பிராணவாயு இல்லாமல் பாக்டீரியாவும் சாகும். பிறகு மோட்டார் ஓடினாலும் தண்ணீர் சுத்தமாகாது. குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் அதில் உள்ள குளோரின் மீனைக் கொல்லும். செம்புக் குழாய் போட்டால் செம்பு கொல்லும். கட்டட கான்ட்ராக்டருக்கு இதெல்லாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கோலிக்குண்டு வைத்தியம்

குஞ்சு எடுப்பது தனிக்கலை. இந்த மீனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: தான் போட்ட முட்டையைத் தானே தின்னும். பழைய நாளில் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பிவிட்டார்கள்! முட்டை குண்டுகளின் இடுக்கில் விழுந்துவிடும். தாய் வாய்க்கு எட்டாது.

இப்போது ஓட்டை போட்ட அடித்தட்டு வந்துவிட்டது. சாயந்திரம் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நடுவே தடுப்பு வைத்து விடுவார்கள். பதினான்கு மணி நேரம் வெளிச்சம், பத்து மணி நேரம் இருட்டு என்பது கணக்கு. காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால், பொழுது விடிந்ததாக நினைத்து மீன் முட்டையிடும். அதை டீ வடிகட்டியில் அரித்து எடுப்பார்கள். ஆம், கோடி ரூபாய் கூடத்திலும் டீ வடிகட்டிதான்!

ராத்திரி காவலாளி தெரியாத்தனமாக விளக்கைப் போட்டால் அன்றைய முட்டை போச்சு.

குஞ்சுகளுக்கு உயிருள்ள தீனி வேண்டும். ஆர்டிமியா என்ற உப்புநீர்ப் பூச்சியின் முட்டையைப் பொரிக்க வைத்துப் போடுவார்கள். அமெரிக்க உப்பு ஏரியிலிருந்து டின்னில் வருவதற்குத்தான் கிராக்கி. நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டிமியா வாழ்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

நோய் மீன் சொல்லும் பொய்

மீன் பார்க்க நன்றாக நீந்தும். ஆனால் உள்ளே மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரு நுண்ணுயிரி குடியிருக்கும். சூடோலோமா என்று பெயர். வெளியே தெரியாது, மீனின் நடத்தையை மட்டும் மாற்றும். அந்த மீனுக்கு நரம்பு மருந்து கொடுத்து ஆராய்ந்தால் வரும் முடிவு மருந்தின் முடிவா, நோயின் முடிவா?

காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமி ஒன்றும் தொட்டியில் வரும். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டி கழுவுகிற ஊழியருக்கு ஆறாத புண் உண்டாக்கும். கையுறை என்பது ஆடம்பரம் அல்ல.

ஆகவே வெளியிலிருந்து வரும் மீனுக்குத் தனி அறை வேண்டும். அதன் முட்டையைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே பிரதான கூடத்துக்குள் விட வேண்டும். இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்தத் தனி அறைதான். வீட்டுக்கு வாசல் வேண்டாம், கூடம் மட்டும் போதும் என்பது போல!

ஞாயிற்றுக்கிழமை யார் தீனி போடுவது?

இதுதான் பெரிய கேள்வி. மீனுக்குப் பொங்கல் லீவு கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி சாலை முழுக்கக் காவடியாக இருந்தாலும், ஊழியர் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்கள் பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிவந்தது. வம்சத்தின் விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைத்திருந்த இடங்களுக்குக் கவலை குறைவு.

பெரும்பாலான இடங்களில் ஆராய்ச்சி மாணவர்தான் தீனி போடுகிறார், தொட்டி கழுவுகிறார், மோட்டாரையும் தட்டிப் பார்க்கிறார். மூன்று வருஷத்தில் அவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் கற்ற கைப்பழக்கமும் கூடவே போய்விடும்.

கைப்பழக்கம் உள்ளவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. சென்னை கொளத்தூரில் வீட்டுக்கு வீடு தொட்டி வைத்து வண்ணமீன் குஞ்சு எடுப்பவர்களுக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கோளாறு தெரியும். அவர்களை ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் ஏற்றுவதற்குச் சர்ட்டிபிகேட் குறுக்கே நிற்கிறது.

இன்னொரு பக்கம், ஆயக்குடியைப் பாருங்கள். கொய்யாவுக்கு அடுத்தபடி இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது அரசுத் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வகுப்பு. வாரக்கடைசியில் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பட்டதாரிகள் வந்து குவிகிறார்கள். விலங்கியலும் உயிர் தொழில்நுட்பமும் படித்தவர்கள், குரூப் நான்கு தேர்வுக்குப் பொது அறிவு மனப்பாடம் செய்கிறார்கள். நிரந்தரச் சம்பளத்தோடு மீன்கூட உதவியாளர் வேலை என்று ஒன்று இருந்தால், அவர்களில் சிலராவது படித்த படிப்பை மறக்காமல் இருப்பார்கள்.

மீனும் உயிர்தானே?

அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய மேற்பார்வைக் குழு இருக்கிறது. பிராணிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் அதில் பதிவு செய்து, தனியே ஒரு நெறிமுறைக் கமிட்டியும் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் விதி, தானாக இரை தேடித் தின்னத் தொடங்கிய குஞ்சிலிருந்து கணக்கிடுகிறது. அதற்கு முந்தின கருவில் சோதனையை முடித்துக்கொண்டால், பெரிய பிராணிகளின் உயிர் மிஞ்சும் என்பது விஞ்ஞானிகள் வாதம்.

ஆனால் மோசமான கூடத்தில் மீன் வீணாகச் சாகும், முடிவும் தப்பாகும், அதே சோதனையைத் திரும்பச் செய்ய இன்னும் மீன் சாகும். உயிரின் மேல் இரக்கம் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கூடம் ஒழுங்காக இருக்கிறதா என்பதைத்தான்.

வழி என்ன?

ஐதராபாத், பெங்களூர், மும்பை, டில்லி போன்ற நகரங்களின் மத்திய நிறுவனங்களில் இந்தக் கூடங்கள் இருக்கின்றன. சென்னைப் பக்கம் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும் இந்த மீனை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. ஆயக்குடிப் பிள்ளைகளுக்குப் பக்கம், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் காந்திகிராமமும் மதுரை காமராஜர் பல்கலைக்கழகமும்தான். திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-ல் திறக்கப்பட்டுவிட்டது.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நாலு அடுக்குத் தொட்டி வாங்கினால், நாலு ஜெனரேட்டர், நாலு தண்ணீர் சுத்திகரிப்பு, நாலு தனி அறை, நாலு ராத்திரி ஆள். எதுவும் முழுசாக இருக்காது. பொதுவாக ஒரே கூடம் வைத்து, முட்டையை மட்டும் ஈரத்தோடு மற்ற இடங்களுக்கு அனுப்பினால்? காலையில் எடுத்த முட்டை மத்தியானத்துக்குள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடும். ஆயக்குடி மாதிரி மலையடிவாரத்து ஊர், கொடைக்கானலைவிடத் தோது. வருஷத்தில் பாதி நாள் இயற்கையே ஹீட்டர் வேலையைப் பார்த்துவிடும்.

இது யாரும் அறிவித்த திட்டம் அல்ல. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று நடுவில் நின்று, சுற்றியுள்ள பல்கலைக்கழகங்களைக் கைதூக்கிவிடும் "பேர்" என்ற திட்டத்தை, 2023-ம் வருஷச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்துகிறது. கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது என்பது இதன் பொருள்.

கேட்கும்போது வரிசை முக்கியம். முதலில் தண்ணீர். அடுத்து மாற்றுக் கரண்ட். அடுத்து நோய்த் தடுப்பு அறை. அடுத்து நிரந்தர ஊழியர். தொட்டி கடைசியில்! இன்று பல திட்ட அறிக்கைகளில் தொட்டி முதல் பக்கத்தில் இருக்கிறது. ஊழியர் கடைசிப் பக்கத்தில்கூட இல்லை.

ஆயக்குடித் தோப்புக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது மோட்டார் இறக்குகிற அன்று நாலு பேர் வந்து பார்ப்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு மூன்று முனைக் கரண்ட் வரும்போது, டார்ச் லைட்டோடு எழுந்து போய் சுவிட்ச் போடுகிறவர் ஒருத்தர்தான். மரம் காய்ப்பது அந்த ஒருத்தரால். மீன்கூடத்திலும் அந்த ஒருத்தருக்குச் சம்பளம் எழுதிவிட்டு, பிறகு தொட்டிக்கு டெண்டர் விடட்டும்.